ஆறாம் பாகமும் என் அறையும்

இந்தத் தடவை ஜெயித்தே தீருவது என்று முடிவு செய்தேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆகிறது. ஒரு தடவையாவது ஜெயித்துப் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஜெயித்தால் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. வெளியே நாலு பேர் சொல்லிக் கேள்விப்பட்டதுதான்.

தகராறு ஒரு அறையைப் பற்றியது. எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை, அதற்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறை என்னுடையது. எட்டடிக்கு ஆறடி. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ, ஒரு ஜன்னல், கதவில் ஒரு தாழ்ப்பாள். வீட்டிலேயே ஒழுங்காகத் தாழ்ப்பாள் விழும் அறைக்கதவு அது ஒன்றுதான். படுக்கையறைக் கதவு மழையில் ஊறிப் பெருத்துப்போய்ச் சாத்தவே வராது. அதை இழைத்துத் தருகிறேன் என்று நான் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க நின்றபடி அடுத்தவர் கண்ணைச் சோதித்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவேன். நேரே அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால் எட்டு மணி வரை நான் ராஜா. எட்டு மணிக்கு மனைவி சாப்பிடக் கூப்பிடுவாள். ராஜ்யம் கலைந்துவிடும்.

அந்த இரண்டு மணி நேர ராஜ்யத்தின் மேல் என் மனைவிக்கும் மகளுக்கும் இரண்டு வருஷமாகக் கண். உட்கார்ந்து படிக்க இடம் வேண்டுமாம். பாடப் புத்தகம் என்றால் நானும் கொஞ்சம் யோசித்திருப்பேன். இது காதல் கதை. அதிலும் தொடர்கதை. பாகம் பாகமாக வருகிறது. ஒவ்வொரு பாகமும் தலைக்கு வைத்துத் தூங்கும் அளவுக்குக் கனம்.

கதை இதுதான். ஒரு தீவு. அங்கே பதினேழு வயசுப் பெண் ஒருத்தி படகு ஓட்டுகிறாள். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்ப்பவரின் மகன் ஒருத்தன். அவன் பேசவே மாட்டான். விளக்கை ஏற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். கப்பல் முதலாளியின் மகன் இன்னொருத்தன். தோள் வரை சுருட்டை முடி. அதைக் காற்றில் அலைய விட்டுக்கொண்டேதான் பேசுவான். இந்த இரண்டு பேரில் யார் என்று அந்தப் பெண் ஐந்து பாகமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். என் கல்யாணத்துக்கு எனக்கு ஐந்து நிமிஷம்கூடக் கொடுக்கவில்லை.

மகளுக்குப் பதினாலு வயசு. அவள் விளக்குக்காரன் கட்சி. மனைவி கப்பல்காரன் கட்சி. சாப்பாட்டு நேரத்தில் தினமும் தேர்தல் நடக்கும்.

"அவன் வாயே திறக்க மாட்டானேடி. அவனைக் கட்டிக்கிட்டு அவ சுவத்தோடவா பேசுவா?"

"பேசினாதான் அன்பாம்மா? அப்பா பேசிக்கிட்டேதான் இருக்கார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். உங்க அப்பாவையும் பேசாத ஆளுன்னு சொல்லித்தான் எனக்குக் கட்டிவெச்சாங்க."

நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். இந்த வீட்டில் எனக்குக் கட்சி கிடையாது. ஓட்டும் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் ஆறாம் பாகம் வரப்போகிறது என்று செய்தி வந்தது. அதுதான் கடைசிப் பாகம். வெள்ளிக்கிழமை விற்பனைக்கு வரும். மகள் நாள்காட்டியில் வட்டம் போட்டாள். எனக்கு என்னவோ பாவமாகத்தான் இருந்தது. முதல் பாகம் வந்தபோது அவள் என் இடுப்பு உயரம். இப்போது என் காது வரை வந்துவிட்டாள். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. "யாராவது முடிவைச் சொல்லிட்டா நான் செத்தே போயிடுவேன்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் எச்சரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் மண்டைக்குள் ஒரு பல்பு எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பெற்ற மகளின் பயத்தை வைத்துக் காரியம் சாதிக்கப் பார்த்தேன். ஆனால் அன்று எனக்கு வெட்கம் வரவில்லை. யோசனைதான் வந்தது.

எங்கள் கடைக்கு மூன்றாவது கடை புத்தகக்கடை. அந்தக் கடைக்காரர் என் நண்பர். வியாழக்கிழமை மத்தியானமே கட்டு வந்து இறங்கிவிட்டது. எனக்கு இப்போதெல்லாம் பொடி எழுத்து தெரிவதில்லை. ஆனால் கண்ணாடி போட மனசு வரவில்லை. வயசாகவில்லை என்று ஊரை நம்பவைத்திருக்கிறேன். அதனால் எங்கள் கடையிலிருந்தே ஒரு கண்ணாடியைக் கைக்குள் மறைத்துக்கொண்டு போனேன்.

"கடைசி அத்தியாயம் மட்டும் பார்த்துட்டுத் தரேன்."

"உங்களுக்கு எதுக்குச் சார் இந்தக் காதல் எல்லாம்?"

"வீட்டு விஷயம். கேட்காதீங்க."

நின்றபடியே படித்தேன். விளக்குக்காரன்தான் ஜெயிக்கிறான். அவள் அவனைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறாள். கரையில் கப்பல்காரன் நின்று கையசைக்கிறான். மொட்டைத் தலையோடு. நான் இன்னொரு தடவை படித்தேன். மொட்டைதான். ஐந்து பாகமாகக் காற்றில் அலைந்த சுருட்டை முடி எங்கே போயிற்று என்று ஒரு வரிகூட இல்லை. சரி, நமக்கென்ன என்று புத்தகத்தை மூடிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் புத்தகத்தோடு வந்தார்கள். மகள் அதைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள். நான் கூடத்தின் நடுவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு முடிவு தெரியும்" என்றேன்.

மகள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். மனைவி பையைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு தெரியும்?"

"கடைசி அத்தியாயம் முழுக்க."

"சரி. என்ன வேணும் உங்களுக்கு?"

இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தில் பாதி வீணாயிற்று.

"இனிமே என் அறையை யாரும் கேட்கக் கூடாது. எப்பவும். எழுதிக் கொடுக்கணும்."

"கொடுத்துட்டாப் போச்சு. ஆனா ஒரே ஒரு சிக்கல் இருக்குங்க."

"என்ன சிக்கல்?"

"உங்க முகம்."

"என் முகத்துக்கு என்ன?"

"உங்களுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சா முகத்துல எழுதி ஒட்டின மாதிரி இருக்கும். எங்க அக்கா வீட்டுக்காரருக்கு வேலை போனதை நீங்க வாயே திறக்காம மூணு பேருக்குச் சொன்னவர்."

மகள் காதிலிருந்து கையை எடுத்துக் கண்ணைப் பொத்தினாள்.

"ஆமாப்பா. இப்பவே எனக்கு ஏதோ புரியற மாதிரி இருக்கு. தயவுசெஞ்சு அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். அதற்குமேல் பேச்சுவார்த்தை முழுவதையும் சுவரைப் பார்த்துத்தான் நடத்தினேன்.

"நாங்க படிக்கிற வரைக்கும் உங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு கதவு இருந்தா தேவலை" என்றாள் மனைவி. "தாழ்ப்பாளோட. படுக்கையறைக் கதவு ஆகாது. என்ன பண்றதுன்னே தெரியலை."

எனக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதாவது சுவரைப் பார்க்க.

"சின்ன அறை இருக்கே" என்றேன்.

"ஐயோ, அது உங்க அறைங்க. வேண்டாம்."

"பரவாயில்லை. எடுத்துக்கோங்க."

"நல்லா இருக்காதுங்க. எழுதி வாங்கற நேரத்துல அதே அறையை நாங்க எப்படி…"

"நான்தான் சொல்றேனே. நீ பேசாம எடுத்துக்கோ" என்று அதட்டினேன். பதினேழு வருஷத்தில் முதல் அதட்டல். அவள் அடங்கிப்போனாள். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்.

பத்து நிமிஷத்தில் ஒப்பந்தம் வந்தது. என் மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். சேர்க்கைப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் விதிமுறைகள் இருக்கும் அல்லவா, அவற்றை எழுதுவது அவள்தான். எத்தனையோ தகப்பன்மார் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் தலையில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றதை அவளே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

காகிதத்தில் மேலே பெரிய எழுத்தில் 'சின்ன அறை குடும்பத் தலைவருக்கே சொந்தம்' என்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழே போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே போயிற்று. எங்கள் கடைச் சுவரில் தொங்கும் அட்டையில் இருப்பதைப் போலவே. அந்த அட்டையைக் காட்டி, "கடைசி வரியைப் படிங்க" என்று தினமும் ஐம்பது பேரிடம் சொல்கிறவன் நான். அன்று என்னிடம் சொல்ல ஆள் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கூடம் முழுக்கச் சொந்தம். டீவி சொந்தம். சமையலறையும் சொந்தம் என்பது பசித்தபோதுதான் தெரிந்தது. டீ போட்டுக் கதவுக்கு வெளியே வைத்தேன். ஒரு கை வந்து எடுத்துக்கொண்டு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளேயிருந்து, "அம்மா, மொட்டையாமே" என்று மகளின் அலறல் கேட்டது. டீவியை அணைத்தேன். கதவில் காதை வைத்தேன். இரண்டு பேரும் விசும்புகிற சத்தம். அப்புறம் சிரிக்கிற சத்தம். மொட்டை அடித்ததில் அழ என்ன இருக்கிறது, அழுதபின் சிரிக்க என்ன இருக்கிறது? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவைத் தட்டினேன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லை. அவன் ஏன் மொட்டை அடிச்சான்?"

"உங்களுக்குத்தான் முடிவு தெரியுமே."

"முடிவு தெரியும். முடி போன காரணம் தெரியலை."

"அம்மா, அப்பா பேசறார். நான் காதைப் பொத்திக்கணுமா?"

"நீங்க போங்க. குழந்தை பயப்படறா."

போனேன். ஜுரமாக இருக்குமோ? பேன் பிடித்திருக்குமோ? பந்தயத்தில் தோற்றிருப்பானோ? திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை, அவர்களுக்குக் கவலையில்லை. நான்தான் கடையில் ஒருத்தரின் வலது கண் பவரை இடது கண்ணுக்கு எழுதிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கதவு திறந்தது. மகள் கண் சிவந்து வெளியே வந்தாள். நேரே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, மூணு நாளும் நீங்க சொல்லவே இல்லை. எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க. தேங்க்ஸ்ப்பா."

அப்போதுதான் எனக்கு வெட்கம் வந்தது. மிரட்டப் போனவனுக்கு நன்றி சொல்கிறது குழந்தை. அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

பின்னாலேயே மனைவி வந்தாள். அவள் கட்சி தோற்றுவிட்டது. ஆனால் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

"உன் ஆள் தோத்துட்டானே, தெரியுமா?" என்றேன்.

"தெரியும். வெள்ளிக்கிழமையே தெரியும்."

"எப்படி?"

"நான் எந்தப் புத்தகத்தையும் கடைசி அத்தியாயத்துலேர்ந்துதான் ஆரம்பிப்பேன். பதினேழு வருஷமாப் பார்க்கறீங்களே, கவனிச்சதே இல்லையா? இவ பேனா வாங்கிட்டிருந்தப்ப கடையிலேயே நின்னு படிச்சுட்டேன். உங்க நண்பர்கூடச் சொன்னார், 'உங்க வீட்டுக்காரரும் நேத்து இதே இடத்துலதாம்மா நின்னு படிச்சார்'னு."

பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்புறம் ஏன் பயந்தே?"

"நான் எங்கே பயந்தேன்? நீங்க எவ்வளவு ஆசையா மிரட்ட வந்தீங்க. கெடுக்க மனசு வரலை."

போகட்டும். அறையாவது மிஞ்சியது. காகிதத்தை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். பெரிய எழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"ஆமாங்க. அறை உங்களுக்கே சொந்தம். யார் இல்லைன்னா? கடைசி வரியைப் படிங்க."

எழுத்து எறும்பாக ஊர்ந்தது. மகள்தான் படித்துக் காட்டினாள். 'ஆறு பாகங்களையும் முதலிலிருந்து மீண்டும் ஒருமுறை படித்து முடிக்கும் வரை மேற்படி அறை படிப்பவர்கள் வசம் இருக்கும். மற்றவர்களுக்கு அனுமதி இல்லை.'

"முதல்லேர்ந்து எதுக்கு?"

"முடிவு தெரிஞ்சு படிச்சாத்தாங்க ருசி. ஒரு ஆறு மாசம். அவசரமே இல்லை."

"சரி. அவன் ஏன் மொட்டை அடிச்சான்னு மட்டுமாவது சொல்லேன்."

"அது முதல் பாகத்துலேர்ந்து வரணும். பாதியில சொன்னா புரியாது."

அதனால் இப்போது நான் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து முதல் பாகம் படிக்கிறேன். நானும் படிப்பவன்தானே, அறைக்குள் வந்து படிக்கலாமா என்று நேற்று கதவைத் தட்டிக் கேட்டேன். மூன்றாம் பாகம் வரைக்கும் வாங்க, அப்புறம் பார்க்கலாம் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.