என் நாற்காலியைச் சுற்றி நான்கு முளை

காத்தான்குடி,
புதன்கிழமை.

கட்டாரில் இருக்கும் மருமகன் றிப்ஷான் அவர்களுக்கு மாமா றவூப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க துஆச் செய்துவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். குரல் பதிந்து போனில் அனுப்பலாமே என்றாள் மகள் ஸாதியா. குரல் காற்றோடு போகும். இது பதிவுத் தபால்.

நேற்றுக் காலை என் அறை வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசிவிட்ட மேசன் ரதீஸ் நூலோடும் முளைகளோடும் வந்தான். கீழே கார் நிறுத்த இடமும் மேலே இரண்டு அறையும் கட்ட வேண்டுமாம், அதற்கு என் அறை இடிபட வேண்டுமாம். இதை அவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னான். நான் எழும்பவில்லை. அவனும் விடவில்லை, என்னை நடுவில் வைத்து நான்கு பக்கமும் முளை அடித்து நூலைக் கட்டினான். அரை மணித்தியாலம் அவனுக்குக் காணிச் சட்டம் விளக்கினேன். நாட்கூலிக்கு வந்தவன், பொறுமையாகக் கேட்டான். எனக்குத் தர முன்னமே அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தது உங்கள் மாமி நபீஸா. எல்லாம் கேட்டு முடித்து, "சரி காக்கா, காலைக் கொஞ்சம் தூக்குங்க, நூல் சிக்கிட்டு" என்றான்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். என் வாப்பா ஓட்டமாவடிப் பக்கம் காடு வெட்டி வயல் செய்தார். அது அரசாங்கத்தின் பெர்மிட் காணி. விற்க உத்தரவு வேண்டும், ஈடு வைக்க உத்தரவு, பிள்ளைகளுக்குப் பிரிக்க உத்தரவு. நாற்பது வருடம் பாடுபட்டவர் வேலியைத் தள்ளிப் போட உத்தரவு கேட்டு அரசாங்கக் கச்சேரிக்கு எழுதினார், பதில் வர முன்னமே மௌத்தாகி அடக்கமும் ஆனார். பதில் பிறகு வந்தது: 'நேரில் வரவும்.' அன்றைக்கே முடிவெடுத்துத்தான் இந்த இருபது பேர்ச் வளவை அறுதி உறுதி எழுதி வாங்கினேன். அறுதி என்றால் வாடகை இல்லை, தவணை இல்லை, தலைக்கு மேலே எசமான் இல்லை. வெள்ளைக்காரனின் தேசத்தில் எவ்வளவு சொந்தக் காணியும் கடைசியில் ராசாவின் கீழ்த்தானாம். நமக்கு ஒல்லாந்தர் விட்டுப்போன சட்டம். அதில் சொந்தக்காரன் என்றால் சொந்தக்காரன்தான். நூலகத்தில் மூன்று புத்தகம் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கலியாணத்துக்கு நம் ஊர் வழக்கப்படி வீட்டையும் வளவையும் ஸாதியாவுக்கு எழுதினேன். எழுதும்போது சீவிய உரித்தை எனக்கென்று வைத்துக்கொண்டேன். காணி அவளுடையது, ஆனால் எனக்கு மூச்சிருக்கும்வரை இருப்பு என்னுடையது. இன்னும் வாங்காத ஒரு காருக்காக என்னை யாரும் எழுப்ப முடியாது. "அறை ஒழுகுது வாப்பா, எழும்புங்க" என்கிறாள் ஸாதியா. ஒழுகுவதும் என் உரித்துக்குள்தான் ஒழுகுகிறது.

ஆகவே வேலையை உடனே நிறுத்தவும். தவறினால் கோர்ட்டில் சந்திப்போம். வெயிலில் தொப்பியில்லாமல் திரிய வேண்டாம், தொழுகையை விடவேண்டாம். உங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்,
மாமா றவூப்

பி.கு: உறுதியின் பிரதியை இத்துடன் வைக்க அலுமாரியைத் திறந்தேன். மூன்று தரம் வாசித்தும் சீவிய உரித்தைக் காணவில்லை. உடனே பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய், அந்த உறுதியை டைப் அடித்த நொத்தாரிசின் கிளாக்கர் ஒஸ்வல்டைப் பிடித்து, கள்ளன் என்று தொடங்கினேன். அவர் சிரித்தார். "நானா, நான் அடிச்ச வரிய நீங்கதானே வெட்டச் சொன்னீங்க. மகளுக்குக் குடுக்கிற வீட்டுக்கு உத்தரவு வைக்க நான் என்ன கச்சேரியா எண்டு கேட்டீங்க. மேசையிலயும் அடிச்சீங்க."

மேசையில் அடித்தது எனக்கும் நினைவு வந்தது. அன்றைக்குச் சொன்னது சரிதான், இன்றைக்கும் மாற்றமில்லை. மேலே எழுதியதைக் கிழிக்க மனமில்லை. சட்டப் பகுதியில் பிழையில்லை, சொந்தக்காரன் என்று வரும் இடத்தில் ஸாதியா என்று வாசிக்கவும். நாற்காலியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வெயிலும் அதிகம். ஒரேயொரு உதவி. மேலே கட்டும் இரண்டில் வாவிப் பக்கம் யன்னல் வரும் அறை எனக்குக் கிடைக்குமா என்று ஸாதியாவிடம் கேட்டு எழுதவும். செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை.