கொடுக்க மட்டுமே தெரிந்த அன்செல்மா அம்மையார்

கொடுப்பதற்கென்றே பிறந்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும் அவர்கள் உங்களைப் பார்த்திருப்பார்கள். உங்களுக்கு என்ன குறை என்று உங்களுக்குத் தெரியும் முன்பே கண்டுபிடித்து, அதற்கேற்ற பொருளைப் பெட்டியில் போட்டு, ரிப்பன் கட்டி, உங்கள் வாசலை நோக்கி வந்துகொண்டிருப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டால் தப்பிக்கலாமா? ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள்.

செயின்ட் லூசியாத் தீவின் தென்கோடியில் இருக்கும் வியூ ஃபோர் ஊரின் நற்பணிச் சங்கத் தலைவி அன்செல்மா மத்தூரின் அம்மையார் இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி. உத்தியோக காலம் முழுவதும் துறைமுகச் சுங்கத்தில் உட்கார்ந்து பிறர் மூட்டை முடிச்சுகளைப் பிரித்துப் பிரித்து எடுத்துக்கொண்டவர், ஓய்வு பெற்ற மறுமாதமே கொடுக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஊருக்கு ஓய்வில்லை. சங்கத்தார் பேருந்து நிறுத்தத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் சாயம் பூசினார்கள். கிரிக்கெட் மைதானத்தில், பந்து பிடிக்க ஓடுகிறவன் சரியாக மோதிக்கொள்ளும் இடத்தில், ஈரப்பலா மரம் நட்டார்கள். மீன் சந்தைப் பெண்களுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலிகள் வழங்கினார்கள். அந்தக் கைப்பிடிகளுக்கு நடுவே அந்தப் பெண்களில் ஒருத்திகூட அடங்கவில்லை. இன்றைக்கும் அவற்றில் மீன் கூடைகள்தான் சொகுசாக உட்கார்ந்திருக்கின்றன.

உள்ளூர் போதுமா? போதாது. கடல் தாண்டியும் ஏழைகள் உண்டே. தெற்கே பெக்கியா என்ற சின்னத் தீவு. அங்கே தச்சர்களும் மீனவர்களும் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு சங்கம். அதன் தலைவர் லென்னக்ஸ் ஹேஸல், படகு கட்டும் தச்சர். ஆண்டுதோறும் அன்செல்மா அம்மையார் படகேறிப் போய் அவர்களுக்கு ஏதாவது வழங்கிவிட்டு வருவார். ஒருமுறை மிதவைச் சட்டைகளைக் கொடுத்து, கடலில் எப்படிப் பத்திரமாக இருப்பது என்று வெகுநேரம் பேசினார். நடக்கப் பழகும் முன்பே நீந்தப் பழகிய அந்த மனிதர்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். கைதட்டினார்கள். திரும்பும் வழியில் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஆகஸ்டில் ஒரு புயல் வந்தது.

ஊரில் பாதி வீடுகளின் கூரைத் தகரம் பறந்துபோனது. காற்றுக்குத் தலைவி என்றும் உறுப்பினர் என்றும் தெரியுமா? அன்செல்மா அம்மையாரின் கூரையும் போயிற்று. ஆனால் மறுநாள் காலையில் அவர் சங்கத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு, மண்டபத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, ஊருக்கெல்லாம் தார்ப்பாய் வழங்கிக்கொண்டிருந்தார். வாங்குகிறவர்கள் நிற்கும் இந்தப் பக்கம் வருவதற்கு அவருக்கு வழி தெரியவில்லை. மழை பெய்தால் அவரும் கணவர் கிளீட்டஸும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வார்கள்.

"நமக்கும் ஒரு தார்ப்பாய் எடுத்துட்டு வாயேன்" என்றார் கிளீட்டஸ்.

"அது பாதிக்கப்பட்டவங்களுக்கு" என்றார் அம்மையார். காதுக்குள் போன தண்ணீரைத் தட்டி எடுத்தபடியே சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் பெக்கியாவிலிருந்து படகு வந்தது. தகரம், மரம், ஆணி, கூடவே லென்னக்ஸும் அவருடைய தச்சர்களும். அம்மையார் பரபரவென்று வரவேற்புக்கு நாற்காலி போட ஆரம்பித்தார்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார் லென்னக்ஸ். "யார் வீட்ல ரொம்ப ஒழுகுது? எந்தப் பக்கம் ஒழுகுது?"

அம்மையார் திகைத்துப் போனார். இத்தனை ஆண்டுக் கொடையில் ஒருவரிடமும் அவர் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

தச்சர்கள் தெருத்தெருவாக வேலை பார்த்தார்கள். அம்மையார் அவர்களைத் தன் தெருப் பக்கம் மட்டும் விடாமல் சாமர்த்தியமாக அழைத்துப் போனார். ஒரு முதியவர் வீடு, பள்ளிக்கூடம், பாதிரியார் வீடு, பாதிரியாரின் கோழிக்கூண்டு. கோழிக்கூண்டு முடிந்ததும் கிளீட்டஸ் பொறுமை இழந்து, லென்னக்ஸின் காதில் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

ஏணி தன் வீட்டுச் சுவரில் சாய்ந்தபோது அம்மையார் சும்மா இருந்தாரா? ஏணியைப் பிடித்தார், பிடிக்க ஆள் இருந்தது. ஆணி எடுத்துக் கொடுத்தார். இடுப்புப் பையிலேயே ஆணி இருந்தது. கோக்கோ காய்ச்சப் போனார். அவர்கள் கோக்கோவையும் முன்பே குடித்துவிட்டு வந்திருந்தார்கள். கடைசியில் லென்னக்ஸ் ஒரு நாற்காலியைத் தெருவில் போட்டு, "செத்த உக்காருங்கம்மா. தலையில ஏதும் விழுந்துடப் போகுது" என்றார்.

ஊரே போகிற வருகிற தெருவில் அம்மையார் உட்கார்ந்திருந்தார். கையை எங்கே வைப்பது? மடியில் வைத்தார். கட்டிக்கொண்டார். மறுபடி மடியில் வைத்தார். போகிறவர்கள் எல்லாம் புன்னகைத்தார்கள். அந்தப் புன்னகை அவருக்குத் தெரிந்ததுதான். அதுவரை அவர்தான் அதைப் பிறருக்கு வழங்கிக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டு ஃபெலிசிட்டா வந்து பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். விதவை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சங்கத்தின் மேடையில் ஏற்றப்பட்டு, பெட்டி கொடுக்கப்பட்டு, ஒலிபெருக்கியில் நன்றி சொல்ல வைக்கப்படுகிறவள்.

"கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாள்.

"எங்க பாக்கறதுன்னே தெரியல" என்றார் அம்மையார், வெகு மெதுவாக.

"மேல பாக்காத, அவங்களுக்குச் சங்கடம். போறவங்களப் பாக்காத, உனக்குச் சங்கடம். உன் காலைப் பாத்துக்க. நான் அப்படித்தான் செய்வேன்."

அம்மையார் காலைப் பார்த்தார். பிறகு ஃபெலிசிட்டாவின் காலையும் பார்த்தார். "ஒவ்வொரு வருஷமுமா?"

"பின்ன? அந்த மேடைப் பலகை ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம்."

அம்மையாருக்கு முகம் சிவந்து, கண் கலங்கிற்று. "சொல்லியிருக்கலாம்ல."

"மைக்கத்தான் நன்றி சொன்னதும் வாங்கிடறியே."

மேலே சுத்தியல் சத்தம் விடாமல் கேட்டது. இரண்டு பேரும் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அடுத்த கூட்டத்திலேயே பெக்கியாவுக்கு நன்றிக்கடனாக ஒரு படகு நிறையச் சாமான் அனுப்பத் தீர்மானம் கொண்டுவந்தார். அதைப் படித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, தொலைபேசியை எடுத்து, லென்னக்ஸிடமே கேட்டார், என்ன வேண்டும் என்று.

"ஒண்ணும் வேணாம்மா. ஒரு ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டுப் போங்க."

போனார். படகுத்துறையில் லென்னக்ஸ் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பெட்டி எதுவும் இறங்கலியே?"

"இல்ல."

"பேச்சு?"

"அதுவும் இல்ல."

"அப்ப வாங்க, மீன் ஆறுது."

அம்மையார் வயிறாரச் சாப்பிட்டார், இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். கைப்பையில் ஒளித்துக் கொண்டுபோயிருந்த கோக்கோக் கட்டிகளை மட்டும் யாரும் பார்க்காதபோது அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். இந்த இனம் ஒரே நாளில் அற்றுப்போகாது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நாளைக்குப் பக்கத்து வீட்டம்மா ஒரு கிண்ணத்தில் பாயசம் கொடுத்தனுப்பினால், குடித்துவிட்டு, கழுவி, அந்தக் கிண்ணத்தை வெறும் கிண்ணமாகவே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். என்ன, அதற்குள் சர்க்கரை டப்பாவைத் தேடிக் கை போகிறதே?