முங்கு மேடம் லைட் வாங்கிய கதை

திருவண்ணாமலையில் வெளிச்சம் வேண்டுமென்றால் எல்லோரும் மலை உச்சியை அண்ணாந்து பார்ப்பார்கள். குனிந்து தண்ணீருக்குள் தேடிய ஒரே ஆள் எங்கள் முங்கு மேடம்தான்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பாண்டிச்சேரிக்குப் போய் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் ஆபீஸில் எல்லோருக்கும் அவர் முங்கு மேடம்; சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்து, இருட்டிய பின் கடலில் இறங்கும் பயிற்சி. அதற்கு லைட் வாங்க வேண்டும். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். எத்தனை நேரம் எரியும், கையுறையோடு சுவிட்சை அமுக்க முடியுமா, மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் தண்ணீரை உள்ளே விடுமா என்று பாலிசி போட வந்தவர்களிடமெல்லாம் பேசினார். ஒருநாள் ஆபீஸ் குடிதண்ணீர் டிரம்முக்குள் ஒரு லைட்டை எரியவிட்டு மறந்துவிட்டார். தாகத்தோடு வந்த மேனேஜர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, தாகமே இல்லாமல் திரும்பிப் போனார்.

கடைசியில் இரண்டு லைட்டுகள் மிஞ்சின. ஒன்று பெரியது, கல்யாண மண்டபத்தையே வெளுக்க வைக்கும். இன்னொன்று சின்னது, குச்சி போல ஒரே நேராக அடிக்கும். எது நல்லது என்று பார்க்க, கூட வேலை செய்த சேகரின் ஊரான கீழ்பென்னாத்தூருக்கு, அவன் வீட்டுக் கிணற்றுக்குப் போனோம். தனியாக முங்கக் கூடாது என்று பயிற்சியாளர் சொல்லியிருந்ததால், இடுப்பில் கயிறு கட்டி, முங்கும்போது போடும் கண்ணாடியை மாட்டி, முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். கயிற்றின் மறுமுனை என் கையில். ஆபீஸ் அம்மா கிணற்றில் இறங்கிவிட்டார் என்று பாதி ஊர் கூடிவிட்டது.

பெரிய லைட்டைப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வெளிச்சம் ஜாஸ்தி, தெரியறது கம்மி சார். கலங்கல் மேல பட்டு நம்ம மூஞ்சிக்கே திரும்புது."

சின்னது அடிவரை போனது. அடியில் ஒரு பித்தளைக் குடம் கிடப்பதாகச் சொன்னார். சேகர் கொக்கி கொக்கியாக இருக்கும் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவி, குடத்தை மாட்டி மேலே இழுத்தான். அதைப் பார்த்ததும் அவன் அம்மாவின் முகம் சுருங்கியது. பக்கத்து வீட்டுக்காரிதான் திருடினாள் என்று வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாராம்.

"அந்தப் பொம்பளய இன்னா பேச்சு பேசிட்டேன்," என்றவர், ஈரக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக அந்த வீட்டுக்கு நடந்தார்.

சின்ன லைட்டே போதும் என்று முடிவானது. கைக்காவலுக்கு அதே மாதிரி இன்னொன்றும் வாங்கப்போவதாகச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில், இருட்டுக் கடலில் பயமாக இருக்காதா என்று கேட்டேன்.

"பயமில்லன்னு யாரு சொன்னா? அதனாலதான லைட்ட இவ்ளோ பாத்துப் பாத்து வாங்கறேன்."

அவர் இருட்டுக் கடலில் இறங்கிய அன்று துணைக்கு நானும் படகில் போனேன். தண்ணீருக்கடியில் இரண்டு வெளிச்சங்கள் நகர்ந்துகொண்டிருந்தன, மேடமும் பயிற்சியாளரும். திடீரென்று ஒன்று அணைந்தது. படகுக்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார். நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டானது.

மேலே வந்ததும் மேடம் சாவகாசமாக விஷயத்தைச் சொன்னார். அணைந்தது பயிற்சியாளருடைய லைட். கைவசம் இருந்த இன்னொன்றை இவர் கொடுத்திருக்கிறார். பயிற்சியாளர் காலில் மாட்டியிருந்த துடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மீன் தூங்கறத பாத்தேன் சார். கண்ணத் தொறந்துக்கினே தூங்குது," என்றார் மேடம்.

துண்டை நீட்டினேன். அவர் தலையைத் துவட்டி முடிக்கும்வரை, அந்த ஈர லைட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.