எதிர்வீட்டு கியர் பாக்ஸ்

வேலாயுதத்துக்கு வயிற்றெரிச்சல் வந்தால் தறி வேகமாக ஓடும். அன்று வழக்கத்தைவிட ஒரு முழம் கூடுதலாகவே ஓடியிருந்தது. காரணம், எதிர்வீட்டு இளங்கோவனின் கார்.

இரண்டு வீட்டிலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே கிழட்டுக் கார்தான். ஆனால் வேலாயுதம் கியர் மாற்றினால், மாவு மெஷின் வந்துவிட்டதென்று பிள்ளையார்பாளையமே பாத்திரத்தோடு எட்டிப் பார்க்கும். எதிர்வீட்டுக் காரோ சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். தறிக்குழிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு வாசல் வழியாகச் சக்கரம் மட்டும்தான் தெரியும். அதுவே அவரைப் பார்த்து இளிப்பதுபோல் இருக்கும்.

காய்கறிப் பையோடு வரும் மனைவி சங்கீதா வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவாள்.

“இன்னா ஸ்மூத்தா போவுது தெரியுமா அந்த வண்டி! கியர் விழறதே தெரியல.”

“நான் ஓட்டினா மட்டும் இன்னாவாம்?”

“உங்க கூட வந்தா பஸ்ஸே தேவலன்னு இருக்குது.”

கட்டின பெண்டாட்டி அடுத்தவன் கியரைப் புகழ்ந்தால் எந்த ஆம்பளைக்குச் சோறு இறங்கும்? அவள் வாயால் ஒரே ஒரு ‘சபாஷ்’ வாங்கிவிட வேண்டும். அதுதான் வேலாயுதத்தின் வாழ்நாள் லட்சியமாகிவிட்டது.

இளங்கோவன் புதுக் கார் வாங்குகிறான், பழசைப் பிரித்து விற்கிறான் என்று சேதி வந்ததும் வேலாயுதம் முந்திக்கொண்டார். கியர் பாக்ஸை மட்டும் வாங்கி, மெக்கானிக் முனிரத்தினத்தை விட்டுத் தன் காரில் மாட்டினார். சங்கீதாவிடம் மூச்சு விடவில்லை.

அமாவாசை வந்தது. தறிக்கு லீவு. சங்கீதாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, மீசையைத் தடவிக்கொண்டு வண்டியை எடுத்தார். பழக்கதோஷம், கால் இரண்டும் தறி மிதிக்க ஆரம்பித்தன. இடது, வலது, இடது, வலது. கார் தவளை மாதிரி நாலு எம்பு எம்பி, சரியாக இளங்கோவன் வாசலில் போய் நின்றது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த முனிரத்தினம் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். “கியர் பாக்ஸ மாத்திட்டேண்ணே! காலயும் மாத்தணும்னு நீ சொல்லவேயில்லயே!”

சங்கீதா இறங்கிச் சுற்றி வந்தாள். “கொஞ்சம் அந்தாண்ட நவுந்து உக்காருங்க.”

கார் புறப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, எந்த கியர் விழுந்தது என்றே தெரியவில்லை. தெருமுனை வருவதற்குள் வேலாயுதத்துக்கு வியர்த்துவிட்டது.

“அப்போ இத்தினி நாளா அந்த வண்டிய ஓட்டினது...”

“நாந்தாங்க. எதிர்வீட்டு அண்ணன் சம்சாரம் அகிலா அக்காதான் கத்துக்குடுத்தாங்க. உங்களாண்ட கேட்டா விடுவீங்களா? வண்டிய பிரிக்கப் போறாங்கன்னதும் எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. கைக்குப் பழகின கியராச்சே! அதான் ஒரு மாசமா உங்க காதுல ஓதிக்கினு இருந்தேன்.”

ஆக, இத்தனை நாளும் சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்துத்தான் வயிறு எரிந்திருக்கிறது! கார் திரும்பிவந்து வாசலில் நின்றது.

“ரிவர்ஸ் எடுக்கணும். எறங்கி, பின்னாடி பாத்துச் சொல்லுங்க.”

இறங்கினார். காருக்குப் பின்னால் போய், “வா... வா...” என்று கையை ஆட்டினார்.

எதிர்வாசலிலிருந்து இளங்கோவன் பாசமாகக் குரல் கொடுத்தான்.

“அங்க வேணாண்ணே, இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. அங்க நின்னா அவங்க கண்ணாடியில நாம தெரியமாட்டோம். அனுபவத்துல சொல்றேன்.”