பாய்ப்பலகையும் ஏழு வருஷ சீனியாரிட்டியும்

டொக். சர்ர்ர். டொக்.

சகாயராணி ஏழு மாதப் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கதவைப் பார்த்தாள். கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. அதைச் சாத்த முடியாது. அரசாங்கத்தின் பாய்மரக் கம்பம் பதினைந்து அடி. ஏரிக்கு மேலே மேட்டில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை நீளம் பதினோரு அடி, அகலம் எட்டு அடி. மூலைக்கு மூலை போட்டும் பார்த்தாகிவிட்டது. எப்படிக் கிடத்தினாலும் அதன் வால் வாசலைத் தாண்டிப் பனியில் நீட்டிக்கொண்டுதான் நின்றது.

"ஏங்க, எந்திரிங்க. எவனோ கம்பத்தை அறுக்குறான்."

மனுவேல் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தான். "குதிரை, புள்ள. ஏரிக்கரைச் சவாரிக் குதிரை. முதுகு சொறியுது."

"இன்னிக்குக் குதிரை வந்து சொறியுது. நாளைக்குத் திருடன் வரமாட்டானா?"

"அரசாங்கச் சொத்தை எவன் தொடுவான்?"

"உள்ள நானும் பிள்ளையும் கெடக்கோமே, நாங்க எந்த ஆபீஸ் சொத்து?"

மனுவேல் இதற்குப் பதிலாகக் குறட்டை விட்டான். சகாயராணி விடியும்வரை கதவையே காவல் காத்தாள். இப்படி அவள் தூங்காத இரவுகள் அன்றோடு ஒன்பது.

நடந்தது இவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் வருஷத்துக் கோடை விழாவை முன்னிட்டு, ஏரியில் விண்ட்சர்ஃபிங் என்னும் விளையாட்டைத் தொடங்கிவைப்பது என்று நீர்விளையாட்டு மேம்பாட்டுக் கிளை அலுவலகம் தீர்மானித்தது. ஒரு பலகையின் மேல் கம்பத்தை நட்டு, கம்பத்தில் பாயைக் கட்டி, நின்ற வாக்கில் காற்றைப் பிடித்துத் தண்ணீரில் ஓடுவது. வெளிநாட்டில் எல்லாரும் செய்கிறார்கள். ஆகவே நாமும் செய்ய வேண்டும். நம் ஏரியில் காற்று உண்டா என்று கேட்பது வளர்ச்சிக்கு எதிரானது.

செய்துகாட்ட ஆள் வேண்டுமே? கோப்பைப் புரட்டினார்கள். எழுபத்தொன்பதில் ஒரு வெள்ளைக்கார வாத்தியார் இப்படியொரு பலகை வைத்திருந்தார். அவருக்குச் சாமான் தூக்கிய மனுவேல் என்ற பையன் இரண்டு மாதம் அதில் நின்று பழகினான் என்று ஒரு வரி அகப்பட்டது. அந்த மனுவேல் இப்போது படகுத்துறையில் தினக்கூலி. செய்துகாட்டினால் பயிற்றுநர் வேலை, அதுவும் நிரந்தரம். எழுபத்தொன்பதில் அவன் எடை நாற்பத்தெட்டு கிலோ. இடையில் சகாயராணியின் சமையல் வந்துவிட்டது. இப்போது எழுபத்தாறு.

அலுவலகம் சொன்னபடி சாமான் தேர்ந்தெடுக்க இருவரும் பிள்ளையோடு பஜாருக்குப் போனார்கள். மலையை விட்டுப் போகும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கழித்துவிட்டுப் போகிற கட்டில், பியானோ, நாய்ச்சங்கிலி எல்லாம் ஜலீல் பாய் கடையில்தான் வந்து சேரும். இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்று கட்டில் மாதிரி அகலம், தடிமன். இன்னொன்று மாட்டு நாக்கு மாதிரி ஒல்லி. அதன்மேல் ஊதா நிறத்தில் மின்னல் கோடு.

"மாப்ள, இடையில விட்டுட்டுத் திரும்பி வர்றவனுக்கு இந்தக் கட்டில்தான் சரி," என்றார் ஜலீல் பாய். "நின்னா ஆடாது. பாயும் சின்னதா எடு, கை வலிக்காது. ஒல்லிப் பலகை இருக்கே, அது ஓடினாத்தான் மிதக்கும். நின்னா முழுகும்."

"பாய், வெளிநாட்டுப் புத்தகத்துல எல்லாம் ஒல்லிதான் வருது. கட்டில்ல ஏறி நின்னா எவன் மதிப்பான்?"

"புத்தகத்துல நிக்கிறவன் தொப்பையைப் பாத்தியா?"

மனுவேல் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒடுக்கிக் காட்டினான். மூச்சு விட்டதும் வயிறு பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

"கட்டிலையே எழுதுங்க பாய்," என்றாள் சகாயராணி. விலைச்சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்கள்.

கிளை அலுவலர் உபகாரம் சாருக்கு ஏரிக்கரையில் இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்ப்பார், குளிப்பதற்கு வெந்நீர். அவர் கட்டில் பலகையின் பெயரைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"இது புதியவர்களுக்கான பலகை. மனுவேல் புதியவரா?"

"அவர் தொட்டு ஏழு வருஷமாச்சுங்க சார்," என்றாள் சகாயராணி.

"அதைத்தான்மா நானும் சொல்றேன். எழுபத்தொன்பதிலேயே அனுபவசாலி. அதுக்கு மேல ஏழு வருஷம். ஆக, ஏழு வருஷ அனுபவம்."

"தொடவே இல்லைங்களே சார்."

"தொட்டாலும் தொடாவிட்டாலும் சீனியாரிட்டி ஓடிக்கிட்டே இருக்கும்மா. நான் என்ன, தண்ணியைத் தொட்டா இந்த நாற்காலிக்கு வந்தேன்? ஏழு வருஷ அனுபவசாலிக்கு உள்ளதிலேயே ஒல்லியான பலகை, உள்ளதிலேயே பெரிய பாய். புதியவர்னு எழுதிக் குடுத்தா கட்டில் தர்றேன். ஆனா புதியவருக்குப் பயிற்றுநர் வேலை கிடையாது."

மனுவேல் மனைவியைப் பார்க்காமல் ஒல்லிப் பலகைக்குக் கையெழுத்துப் போட்டான். அவன் முகத்தில் நாற்பத்தெட்டு கிலோ களை வந்திருந்தது.

"மிதவைச் சட்டையாவது குடுங்க சார்," என்றாள் அவள். "இவருக்கு நீச்சலும் சுமார்தான்."

"அது புதியவர்களுக்கான பட்டியலில் வருதும்மா. அனுபவசாலிக்கு மிதவைச் சட்டை குடுத்தா, அவர் அனுபவத்துல அரசாங்கத்துக்கே நம்பிக்கை இல்லைன்னு ஆகிப்போகும்."

"விழாவுக்கு முன்னால ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கிறேன் சார்," என்றான் மனுவேல், கொஞ்சம் தாமதமாக விழித்துக்கொண்டு.

"தொடங்கிவைக்கப்படாத பொருள் நனையக் கூடாது. அதுவரைக்கும் பலகையும் பாயும் ஆபீஸ்ல, கம்பம் பொறுப்பாளரின் இல்லத்தினுள், பூட்டிய நிலையில் பாதுகாக்கப்பட வேண்டும்."

"கம்பம் உள்ள இருந்தா பூட்ட முடியாதுங்க சார்," என்றாள் சகாயராணி. "பூட்டணும்னா கம்பம் வெளிய இருக்கணும்."

உபகாரம் சார் இரண்டு நிமிஷம் ஆழ்ந்து யோசித்தார். "ரெண்டையும் நிறைவேத்துங்க," என்றார்.

அப்படித்தான் ஒன்பது இரவுகள் போயின. பத்தாம் நாள் காலை சகாயராணி ஜலீல் பாய் கடைக்குப் போய், பெட்டிகளுக்குள் அடைத்து வருகிற தெர்மோகோல் துண்டுகளைக் கேட்டாள். பாய் எதற்கென்று கேட்கவில்லை. ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார். கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் கற்றுக்கொடுத்த தையலால் அதையெல்லாம் மனுவேலின் கம்பளிச் சட்டைக்குள் வைத்துத் தைத்தாள்.

"குண்டாத் தெரியும் புள்ள," என்றான் மனுவேல்.

"பிள்ளைக்கு அப்பன் ஒல்லியா செத்தாப் போதுமா?"

மறுநாள் விழா. ஊரே கரையில் கூடியது. சென்னையிலிருந்து துறை இயக்குநர் வந்து ரிப்பன் வெட்டினார். ஏரியின் மேல் பனி படுத்துக் கிடந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. காற்று வரும்வரை பொறுக்கலாம் என்று மனுவேல் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். நிகழ்ச்சி நிரலில் பத்து மணி பத்து நிமிஷம் என்று அச்சிட்டிருந்தது. நிகழ்ச்சி நிரலில் காற்றுக்கு இடமில்லை.

மனுவேல் ஏறினான். பாயைத் தூக்கி நிமிர்ந்து நின்றான். ஒல்லிப் பலகை அவனையும் மின்னல் கோட்டையும் சுமந்தபடி, மரியாதையாக, கீழே இறங்கியது. கணுக்கால். முழங்கால். இடுப்பு. மனுவேல் வேலை நிரந்தரமாகும் வரை அசைவதில்லை என்று விறைப்பாக நின்றான். சகாயராணி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கம்பம் கழன்று, தண்ணீர் புகுந்து, பாயோடு சேற்றுக்குள் போனது. பலகை தனியாக மேலே வந்தது. கொஞ்சம் தள்ளி மனுவேலும், சகாயராணியின் தையல் புண்ணியத்தால், நெஞ்சளவில் நட்டக்குத்தலாக மிதந்தான்.

இதுதான் அந்த விளையாட்டு போலும் என்று இயக்குநர் கைதட்டினார். இயக்குநர் தட்டியதால் ஊர் தட்டியது.

படகில் இழுத்துவந்து கரையேற்றிய மனுவேலின் பல் தந்தியடித்தது. இயக்குநர் அவன் முதுகில் தட்டினார், தெர்மோகோல் நொறுங்கியது. "எத்தனை வருஷ அனுபவம்?"

"ஏழு வருஷம், சார்," என்றார் உபகாரம் சார்.

"அதான். இன்றுமுதல் வேலை நிரந்தரம். தினமும் காலையில் ஒருமுறை மூழ்கிக் காட்டட்டும், சீசனில் இரண்டுமுறை. போட்டோக்காரர் ஃபிலிம் மாத்திக்கிட்டு இருந்தாராம். இப்பவே இன்னொரு தடவை."

சகாயராணி புருஷனைப் பார்த்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. இன்னொரு தடவை போனால் நொறுங்கிய தெர்மோகோல் தாங்காது. பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார், இவருக்கு ஏழு வருஷம்தானுங்க. எங்க ஆபீசர் ஐயாவுக்கு இந்தத் தண்ணியோரம் இருபத்தாறு வருஷம். தொட்டாலும் தொடாவிட்டாலும் சீனியாரிட்டி ஓடும்னு ஐயாவே சொல்லியிருக்காருங்க."

இயக்குநர் உபகாரம் சாரை மரியாதையோடு பார்த்தார். "சொல்லவே இல்லையே. சீனியர் இருக்கும்போது ஜூனியர் மூழ்குவது முறையல்ல."

"சார், கம்பம் தண்ணிக்குள்ள போயிடுச்சு," என்றார் உபகாரம் சார்.

"ஏழு வருஷத்துக்குக் கம்பம் வேணும். இருபத்தாறு வருஷத்துக்கு எதுக்குங்க?" என்றார் கூட்டத்திலிருந்து ஜலீல் பாய்.

கூட்டம் கைதட்டியது. உபகாரம் சார் கோட்டைக் கழற்றுகிறவர் போலக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே மேட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் இவ்வளவு வெரசாக ஒரு காரியத்தை முடித்ததில்லை. இயக்குநர், போட்டோக்காரர், ஊர், சவாரிக் குதிரைகள் எல்லாம் பின்னால் ஓடின. இதுவும் நிகழ்ச்சி நிரலில் உள்ளது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

மேட்டில் ஒரே ஒரு வீட்டின் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. பத்து நாளாக அது அப்படித்தான் இருந்தது; காலையில் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போன அவசரத்தில் யாரும் சாத்தவில்லை. உபகாரம் சார் உள்ளே புகுந்தார்.

பிள்ளையோடும் நனைந்த புருஷனோடும் மூச்சிரைக்க வந்துசேர்ந்த சகாயராணி கதவைத் தள்ளினாள். உள்ளேயிருந்து யாரோ முதுகு கொடுத்து நின்றார்கள். அசையவில்லை. "சார், பிள்ளை குளிர்ல நடுங்குது. இவரு துணி மாத்தணும். திறங்க சார்."

"இது யாருடைய கோரிக்கையா இருந்தாலும் எழுத்து மூலமா வரணும்," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அதைத் தொடர்ந்து, அவள் பத்து ராத்திரியாகக் கேட்க ஏங்கிய சத்தம் வந்தது: மேல் தாழ்ப்பாள், பிறகு கீழ்த் தாழ்ப்பாள். அரசாங்கச் சொத்து பொறுப்பாளரின் இல்லத்தினுள், பூட்டிய நிலையில், கடைசியில் பாதுகாக்கப்பட்டுவிட்டது.