புகையிலைக்காவின் ஹார்மோன்

'ஹார்மோன்' என்ற சொல்லைப் புகையிலைக்கா அளவுக்குச் சத்தமாகச் சொன்னவர் இந்தியாவிலேயே இருந்திருக்க முடியாது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்த்த எங்களைப் போன்ற கட்டைப் பிரம்மச்சாரிகளுக்கு மெஸ் நடத்தியவர். சொந்த ஊர் பக்கத்து எல்லைக் கிராமமான பேரிகை. தமிழில் திட்ட ஆரம்பித்தால் தெலுங்கில்தான் முடிப்பார். வெற்றிலையும் புகையிலையும் எந்நேரமும் இடது கன்னத்தில் குடியிருக்கும்.

"வாயில புத்து வரும்க்கா" என்று யாராவது சொன்னால் தொலைந்தார்கள். வாய்ப்புற்று ஆண்களுக்கே அதிகம் வருகிறது, பெண் ஹார்மோன் ஒருவேளை காவலாக இருக்குமோ என்று ஆராய்கிறார்கள் என ஒரு பத்திரிகையில் படித்திருந்தார். அதிலிருந்த 'ஒருவேளை'யை வெற்றிலையோடு சேர்த்து மென்று விழுங்கிவிட்டார்.

"அதெல்லாம் உங்கள மாதிரி ஆம்பளைங்களுக்குப்பா. எனக்கு ஹார்மோன் காவல் இருக்குது!"

மெஸ்ஸே தலை குனிந்து இட்லியை ஆராயும்.

ஒருநாள் காலை சமையலறையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, கன்னத்துல புண்ணு. ஆறவே மாட்டேங்குது."

"ஹார்மோன் காவல் இருக்குதுன்னு சொல்வீங்களேக்கா?"

"மாசாமாசம் வர்றதே நின்னுபோச்சு. இனி காவல் ஏதுப்பா?"

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அடுப்பில் பொங்கிய பாலைப் பார்த்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் காட்டப் பெங்களூர் பஸ் ஏறினோம். பக்கத்து சீட்டு அம்மாவிடம் அக்கா கன்னடத்தில் சந்தேகம் கேட்டார். கர்நாடக எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள் பஸ்ஸின் முன்பாதி முழுக்க ஹார்மோன் விவாதம். ஆஸ்பத்திரியில் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வாங்கப் போன அன்று அக்கா பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை.

டாக்டரம்மா சிரித்தார். "புத்து இல்லம்மா. உடைஞ்ச பல்லு உரசி வந்த புண்ணு. பல்ல எடுத்துட்டா ஆறிடும்."

"அப்ப என் ஹார்மோன்?"

"அதுக்குப் பங்கு இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. இன்னும் முடிவாத் தெரியல. புகையிலையால புத்து வரும்ங்கறது முடிவாத் தெரியும். இந்தத் தடவை தப்பிச்சீங்க."

வெளியே வந்ததும் இடுப்பிலிருந்த புகையிலைச் சுருக்குப்பையைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு, படியில் உட்கார்ந்து அழுதார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ ஏன்டா அழுவுற?"

"தெரியலக்கா."

புகையிலையை விட்ட அக்கா, பல் பிடுங்கிய புலி மாதிரி மெஸ்ஸைச் சுற்றி வந்தார். கரண்டிகள் பறந்தன. முதல் வாரம் சாம்பாரில் உப்பை இரண்டு முறை போட்டார். நாங்களோ தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.