சம்பந்தி அனுப்பிய சிவப்புப் பெருக்கல் குறி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும், இடது கால் நீங்கலாக என் மனைவியும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாளும் என் மகளும், பிறந்து மூன்று வாரமே ஆன நம் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கப்பலில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை எந்தக் கடலில் இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

முதலில் நன்றி. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய பெண். என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு படுத்துவிட்டதால், எல்லாப் பொறுப்பையும் தாங்கள் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டீர்கள். அதை நினைத்தால் கீழே வரும் விஷயத்தை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இன்னும் என் பேத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

தாங்கள் திடுக்கிடுவீர்கள். படம்தான் அன்றைக்கே அனுப்பினேனே, முகத்தில் களை சொட்டுகிறது என்று பதில்கூடப் போட்டீர்களே என்பீர்கள். போட்டேன். என் கைப்பேசிக்குப் பேச மட்டுமே தெரியும், வீட்டில் கம்ப்யூட்டரும் கிடையாது என்பதால் தாங்கள் என் அலுவலக மெயிலுக்கு அனுப்பினீர்கள். பம்பு செட் கம்பெனியின் ஸ்டோரில் இருப்பவனுக்கு வேறு என்ன மெயில் வரும், வால்வு இருக்கிறதா, வாஷர் தீர்ந்ததா என்று வருகிற மெயில்களுக்கு நடுவே தங்கள் மெயிலைக் கண்டதும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுத் திறந்தேன். "இதோ நம் பேத்தி" என்று ஒரு வரி. அதன் கீழே ஒரு வெள்ளைக் கட்டம். கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பெருக்கல் குறி இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பெண் கொடுத்த இடத்தில், அனுப்பியது தெரியவில்லை என்று எடுத்த எடுப்பில் எப்படிச் சொல்வது? அதிலும் தாங்கள் ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து முதலாவதாகத் தேறி, அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பவர். ஆகவே களை சொட்டுகிறது என்று எழுதிவிட்டேன். தாங்கள் அதோடு விடவில்லை, யார் ஜாடை என்று கேட்டீர்கள். நெற்றி தங்களுடையது என்றேன். நெற்றி எப்படியும் இருக்கும் என்ற தைரியம்தான்.

வீட்டிலும் இதே கதை. "பாத்தீங்களா? எப்படி இருக்கா?" என்றாள் என் மனைவி, நான் செருப்பைக் கழற்றுவதற்குள். "நல்லா இருக்கா" என்றேன். "நல்லா இருக்கான்னா? மூக்கு யாரு மூக்கு?" என்றாள். "உன் மூக்குதான்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. "அப்ப ஒரு பிரிண்ட் எடுத்துட்டு வாங்களேன், நானும் பாக்கறேன்" என்றாள். ஆபீசில் கலர் மை தீர்ந்துவிட்டது என்றேன். மறுநாளும் தீர்ந்திருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. "உங்க கம்பெனி பம்பு விக்குதா, பஞ்சப்பாட்டு பாடுதா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இதற்கு மேல் தாங்காது என்று கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனேன்.

அங்கே இருக்கிறவருக்கு ரீஸ்டார்ட் என்று பெயர் வைத்திருக்கிறோம். எந்த வியாதிக்கும் அவரிடம் அது ஒன்றுதான் மருந்து. அதைக் கொடுத்துப் பார்த்தார், பெருக்கல் குறி அசையவில்லை. பிறகு என் இடத்துக்கே வந்து உட்கார்ந்து, "மெயில்ல வர்ற படத்தையெல்லாம் பாதுகாப்புக்காகத் தடுத்து வச்சிருக்கும் சார். மேல மஞ்சளா ஒரு பட்டை இருக்கே, அதை அமுக்கினா வந்துடும். நீங்க அமுக்கினதே இல்லையா?" என்றார். அந்தப் பட்டையை நான் இத்தனை வருஷமாக அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அவர் எல்லா மெயிலுக்கும் சேர்த்தே தடையை எடுத்துவிட்டார். உடனே பழைய மெயில்களில் எல்லாம் படம் முளைத்தது. எங்கள் மேலாளர் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் ஒரு ரோஜாப்பூ வைக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. விரிசல் விட்ட வால்வைப் படம் எடுத்து, விரிசலைச் சுற்றி வட்டம் போட்டு டெஸ்பாட்ச்காரர் எப்போதோ அனுப்பியதும் வந்தது. அதற்கு நான், பார்த்தேன், பிரமாதம் என்று பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் வந்தன, பேத்தி மட்டும் வரவில்லை.

"இவரை நம்பிக்கையானவங்க பட்டியல்ல சேர்த்தா வரும்னு நெனைக்கறேன்" என்றார் ரீஸ்டார்ட். "இவரை நம்பலாமா சார்?" "யோவ், அவர் எங்க சம்பந்தி!" என்றேன். "அது சரி சார். நம்பலாமான்னுதான் கேக்கறேன்." தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நான் ஒரு கணமும் தயங்காமல் தலையாட்டினேன். எங்கள் கம்பெனி தங்களை இப்போது முழுமையாக நம்புகிறது. ஆனாலும் கட்டம் கட்டமாகவே இருந்தது. அதற்குள் கணக்குப் பிரிவு அம்மா வந்து எட்டிப் பார்த்து, பழக்கதோஷத்தில் "அய்யோ, கொள்ளை அழகு!" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் திரையைப் பார்த்தார். மேலாளர் தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொன்னார். அவர் அறையில் பெரிய திரை என்பதால் பெருக்கல் குறியும் பெரிதாக வந்தது. இதற்கிடையில் தாங்களும் மனம் சலிக்காமல் அதே படத்தை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள். எனக்குக் கட்டங்கள் சேர்ந்துகொண்டே போயின.

கடைசியில் ரீஸ்டார்ட் அந்தக் கட்டத்தின்மேல் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "படம் மெயில்ல இல்லவே இல்லை சார். படம் எந்த டப்பாவுல இருக்குங்கற விலாசம் மட்டும்தான் வந்திருக்கு. அந்த டப்பா அவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. அதனால அவருக்கு மட்டும் தெரியும், வேற யாருக்கும் தெரியாது" என்றார். அதாவது, தாங்கள் அனுப்பிவிட்டுத் திறந்து பார்க்கும்போதெல்லாம் குழந்தை சிரித்திருப்பாள். சரியாகப் போயிருக்கிறது என்று தாங்களும் நிம்மதியாக இருந்திருப்பீர்கள். தவறு தங்களுடையது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. கம்ப்யூட்டர் பிரிவு சொல்கிறது, அவ்வளவுதான். வகுப்பில் இந்தப் பாடம் நடந்த அன்று தங்களுக்கு ஏதாவது அவசர ஜோலி இருந்திருக்கும். மெயில் எழுதும் இடத்தில் காகித கிளிப் மாதிரி ஒரு படம் இருக்குமாம். அதை அமுக்கி, பேத்தியின் படத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு அனுப்பினால் படமே வந்து சேருமாம்.

நேரில் வந்து பார்க்கலாம்தான். ஆனால் என் மனைவிக்குக் கட்டுப் பிரிக்கும்வரை பிரயாணம் கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அவளைத் தனியே விட்டுவிட்டு நான் மட்டும் வருவதும் நியாயமில்லை. ஆகவே எங்களுக்கு இந்தப் படம்தான் கதி. அவசரம் ஒன்றுமில்லை, தங்களுக்கு ஒழிந்தபோது அனுப்பினால் போதும். நெற்றி விஷயம் நமக்குள் இருக்கட்டும்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். பேத்தி நூறாண்டு நோய் நொடி இல்லாமல் வாழட்டும்.

என்றும் தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
சம்பந்தி

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் இன்று காலை படம் வந்துவிட்டது. இந்த முறை தங்களுக்குப் பதிலாக என் மகளே உட்கார்ந்து காகித கிளிப்பை அமுக்கினாளாம். ஆகவே மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். ஆபீசே என் மேஜையைச் சுற்றி நின்றது. மேலாளர் தன் அறையிலேயே கலரில் முழுத்தாளில் எடுத்துக் கொடுத்தார். படம் அருமையாக வந்திருக்கிறது. தாங்கள் புதுச் சட்டையில் நடு நாயகமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்னால் சான்றிதழ்கூட எழுத்து எழுத்தாகப் படிக்க முடிகிறது. தங்கள் மடியில் ஒரு பூத்துவாலைச் சுருள் இருக்கிறது. அதன் மடிப்பில் ஒரு காது.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் மனைவி வெகுநேரம் பார்த்தாள். தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தாள். பிறகு, "சம்பந்தி நல்லா இருக்கார். நம்ம புள்ள எங்க?" என்றாள். நான் உண்மை முழுவதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "கட்டு கால்லதானே போட்டிருக்கு, கண்ணுலயா போட்டிருக்கு? டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். டிக்கெட் எடுங்க" என்றாள். எடுத்துவிட்டேன். நாளைக் காலை வண்டியில் கிளம்புகிறோம், இந்தக் கடிதம் என் சட்டைப் பையிலேயே வரும், இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் மணி அடிப்பேன். வாசலில் வாங்க வாங்க என்று உபசாரம் எல்லாம் வேண்டாம். கதவைத் திறக்கும்போதே குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு திறக்கவும். துவாலை வேண்டாம்.